இங்கிலாந்தின் சிற்றூர் மதுவிடுதி

இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஏல் எனப்படும் பியர் வகையையும் உணவையும் விற்று, ஊரார் கூடிப் பேசும் இடமாகவும் விளங்கும் உரிமம் பெற்ற வீடு 'பப்' எனப்படுகிறது. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற சொற்றொடரின் சுருக்கம் இது. பொதுவீடு என்பது இதன் நேர்ப்பொருள். இப்பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் இது ஒரு குடும்பத்தின் வீடாகவே இருந்தது. அந்த வீட்டின் ஓர் அறை மட்டும் பிறருக்குத் திறந்துவிடப்பட்டது.

ஓக் மர உத்தரங்கள், கணப்படுப்பு, பித்தளைக் குமிழ்கள், தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்று காட்சி தரும் இந்த விடுதியைப் பல நூற்றாண்டுகளாக மாறாதது என்று சுற்றுலாக் கையேடுகள் வருணிக்கின்றன. கட்டடம் பழையதாக இருக்கலாம். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறு கதை கிடைக்கிறது. பரிமாறும் மேடை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. 'உழவர் மதிய உணவு' 1950களில் விளம்பரத்தால் புகழ்பெற்றது. வேலை நாள்களில் பிற்பகலிலும் திறந்திருக்கலாம் என்ற அனுமதி 1988இல்தான் திரும்பக் கிடைத்தது. சட்டமும் வரியும் பியர் ஆலைகளும் மாறி மாறி வடித்த வடிவமே இன்றைய பப். அந்த வடிவம் இப்போது ஊர் ஊராக மறைந்துவருவதால் இவ்வரலாறு கவனத்துக்குரியதாகிறது.

வீட்டு வாசலில் தொடங்கிய விற்பனை

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் அன்றாட உணவின் ஒரு பகுதி. வலுக்குறைந்த ஏலைச் சிறுவர்களும் குடித்தனர். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இறுத்த சாற்றை நொதிக்கவிடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. அக்காலத்து ஏலில் ஹாப்ஸ் பூக்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே சில நாள்களிலேயே அது புளித்துவிடும். ஒரு வீட்டில் காய்ச்சியது தேவைக்கு மிஞ்சினால் உடனே விற்றாக வேண்டும். வாசலில் நீண்ட கழி ஒன்றை நட்டு, நுனியில் இலைக்கொத்தைக் கட்டிவிட்டால் ஏல் ஆயத்தமாக இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். இந்த வாரம் ஒரு வீட்டில், அடுத்த வாரம் வேறொரு வீட்டில் என விற்பனை நடந்தது.

அந்தக் கழியைக் கண்டு அண்டை வீட்டாருடன் அலுவலரும் வந்தார். மூன்றாம் என்றி மன்னர் காலத்தில், 1266ஆம் ஆண்டையொட்டி, ரொட்டிக்கும் ஏலுக்கும் ஒரு சட்டம் பிறந்தது. தானிய விலை ஏறினால் ஏலின் விலை எவ்வளவு ஏறலாம் என்பதை அது வரையறுத்தது. அதை நடைமுறைப்படுத்த ஏலைச் சுவைத்துப் பார்க்கும் அலுவலர்கள் ஊர்தோறும் அமர்த்தப்பட்டனர். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் 1556இல் ஸ்ட்ராட்போர்டு ஊரில் இப்பொறுப்பை ஏற்றவர். ஏல் விற்றவர்கள் செலுத்திய அபராதங்கள் பண்ணை நீதிமன்ற ஏடுகளில் நிறைந்திருக்கின்றன. ஊர்ப் பெண்கள் பலரின் பெயர் எழுத்தில் பதிவானதே இந்த அபராதங்களால்தான். வரலாற்றாய்வாளர்க்கு இது எதிர்பாராத நன்மை.

தேவாலயத்துக்கும் இதில் பங்குண்டு. கூரையைப் பழுதுபார்க்கவும் ஏழைகளுக்கு உதவவும் பணம் திரட்ட, ஊர்த் தேவாலயமே ஏல் காய்ச்சி விழா நடத்தியது. அதற்கென்று தேவாலயத்தின் அருகில் தனி வீடுகள் கட்டப்பட்டன. சீர்திருத்தக் கிறித்தவர்களான பியூரிட்டன்களின் எதிர்ப்பால் இவ்விழாக்கள் நின்றுபோக, வீடுகள் சில மதுவிடுதிகளாயின. டெவன் மாவட்டத்தில் ஹார்பர்ட்டன், ஹோல்ன் முதலிய ஊர்களில் 'தேவாலய வீட்டு விடுதி' என்ற பெயரில் அவை இன்றும் உள்ளன. கோயில்மணிக் கோபுரமும் பப்பும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு வியக்கும் பயணிகளுக்கு இதுவே விளக்கம்.

உரிமம்

15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தாழ்நிலப் பகுதிகளிலிருந்து ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் சேர்த்த பியர் நெடுநாள் கெடாமல் இருந்ததால் அதைப் பெரிய அளவில் காய்ச்சி வண்டியில் ஏற்றி அனுப்ப முடிந்தது. வீட்டுப் பெண்ணின் உபரி வருமானமாக இருந்த தொழில் மெல்ல மெல்ல முதலீடு உள்ளவர்கள் கைக்கு மாறியது. (ஏல், பியர் என்ற இரு சொற்களும் இன்று கலந்தே வழங்குகின்றன. அக்காலத்தில் ஹாப்ஸ் இல்லாதது ஏல், உள்ளது பியர்.)

1552இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஏல் வீடு நடத்த விரும்புவோர் அமைதி நீதிபதிகள் இருவரிடம் உரிமம் பெறவும், ஒழுங்காக நடத்துவதாகப் பிணை எழுதித் தரவும் வேண்டும். மதுவிடுதி உரிம முறையின் தொடக்கம் இதுவே. 1577இல் வரி விதிப்பதற்காக எடுக்கப்பட்ட கணக்கில் 14,202 ஏல் வீடுகளும், பயணிகள் தங்கும் 1,631 சத்திரங்களும், திராட்சை மது விற்கும் 329 கடைகளும் பதிவாயின. ஏழைகளின் ஏல் வீடு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை இந்த எண்களே காட்டும். சத்திரம் வசதியுள்ளவர்க்கு. உணவும் படுக்கையும் குதிரைக்குத் தொழுவமும் அங்கே கிடைத்தன. ஏல் வீட்டில் ஒரு பெஞ்சு, ஓர் அடுப்பு, ஒரு குடுவை. இவ்விரண்டும் கலந்த பிறகே இன்றைய சிற்றூர் பப் உருவானது.

அந்தக் கலப்பை விரைவுபடுத்தியது 1830ஆம் ஆண்டின் பியர் வீட்டுச் சட்டம். வரி செலுத்தும் எந்தக் குடும்பத் தலைவரும் இரண்டு கினி கட்டணம் கட்டிவிட்டு, நீதிபதியிடம் போகாமலேயே தம் வீட்டில் பியர் விற்கலாம் என்றது அச்சட்டம். அதே ஆண்டில் பியர் மீதான வரியும் நீக்கப்பட்டது. ஜின் என்னும் கடுமையான சாராயத்திலிருந்து மக்களைப் பியருக்குத் திருப்புவதும், ஆலைகளின் ஏகபோகத்தை உடைப்பதும் அரசின் நோக்கங்கள். சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் வீடுகள் பியர் கடைகளாயின. கொல்லர், தச்சர், வண்டிக்காரர் ஆகியோர் தம் தொழிலை விடாமலேயே முன்னறையில் பியர் விற்றனர். அதே 1830ஆம் ஆண்டில் கூலி குறைவையும் கதிரடிக்கும் எந்திரங்களையும் எதிர்த்துத் தென்னிங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர்கள் கலகம் செய்தனர். அக்கலகங்களுக்கு இவ்வீடுகளே கூடுமிடம் என்று நிலக்கிழார்கள் குற்றஞ்சாட்டினர். கூலியாள்கள் எசமானின் கண்ணுக்கு அப்பால் உட்கார்ந்து பேச ஊரில் வேறு இடம் இல்லை என்பதே அக்குற்றச்சாட்டில் இருந்த உண்மை. 1869இல் உரிமம் வழங்கும் அதிகாரம் மீண்டும் நீதிபதிகளிடம் சென்றது. இன்று 'தொன்மையான' சிற்றூர் பப் என்று அழைக்கப்படுவனவற்றுள் பல இந்த நாற்பது ஆண்டு இடைவெளியில் பிறந்தவை.

பெயர்ப்பலகை

எழுத்தறியாதவர்க்காக ஓவியப் பலகைகள் தொங்கவிடப்பட்டன. 'வெள்ளைக் கலைமான்' இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சின்னம். 'அரச ஓக்' என்பது 1651இல் ஊஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்துகொண்ட மரத்தைக் குறிக்கும். 'செஞ்சிங்கம்', 'மணிமுடி', 'ஏர்' ஆகியவை எங்கும் காணப்படும் பெயர்கள்.

நிலவறையில் நடக்கும் வேலை

சிற்றூர் பப்பின் தனிச்சிறப்பாகக் கருதப்படும் பீப்பாய் ஏல் ஆலையிலிருந்து வரும்போது முற்றுப்பெற்ற பானம் அன்று. பீப்பாய்க்குள் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. விடுதியின் நிலவறையில் இரண்டாம் முறை நொதிக்கிறது. பீப்பாயைப் படுக்கவைத்து அசையாமல் நிறுத்தி, மேல்துளையில் மெல்லிய மர முளையைச் செருகி, மிகுதியான வாயுவை வெளியேற்றி, கசடு அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். கசடு விரைவில் படிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். சைவ உணவினர் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியபின் அதைத் தவிர்க்கும் ஆலைகளும் வந்துவிட்டன.

நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 பாகை செல்சியசு வரை இருக்க வேண்டும். 'ஆங்கிலேயர் சூடான பியர் குடிப்பவர்கள்' என்ற கேலிக்கு அடிப்படை இதுதான். ஏல் நிலவறைக் குளிர்ச்சியில் பரிமாறப்படுகிறது. பனிக்கட்டிக் குளிர்ச்சியில் அதன் மணம் தெரியாது. அங்கிருந்து ஏலை மேலே ஏற்றுவது கைப்பம்பு. அதற்கான காப்புரிமையை 1797இல் பெற்றவர் பொறியாளர் ஜோசப் பிராமா. அதற்கு முன்னும், பல சிற்றூர்களில் அதற்குப் பின்னும், குடுவையை எடுத்துச் சென்று பீப்பாயிலிருந்து நேரே பிடித்து வருவதே வழக்கம். அளவு ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி லிட்டர். அல்லது அதில் பாதி.

பீப்பாயைத் திறந்தபின் காற்று உள்ளே புகும். மூன்று நாள்களுக்குள் விற்றுத் தீர்க்காவிட்டால் சுவை கெட்டுவிடும். சிறிய பீப்பாயிலேயே 9 காலன், அதாவது 72 பைண்ட் இருக்கிறது. மாலையில் பத்துப் பேர் வரும் ஊரில் இது எளிய கணக்கு அன்று. கூட்டம் குறைந்தால் ஏல் கெடுகிறது. ஏல் கெட்டால் கூட்டம் மேலும் குறைகிறது.

1960களில் பெரிய ஆலைகள் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டன. ஈஸ்டை வடிகட்டி, சூடாக்கிப் பதப்படுத்தி, கரியமில வாயு ஏற்றிய பியரை உலோகக் கலன்களில் அனுப்பின. அது கெடுவதில்லை, கவனிக்கத் திறமையான ஆள் தேவையில்லை, எல்லா ஊரிலும் ஒரே சுவை. அந்த ஒரே சுவையை எதிர்த்து 1971இல் நான்கு இளைஞர்கள் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்தபோது அங்கிருந்த மதுக்கடை ஒன்றில் உதித்த எண்ணம் அது. 'கேம்ரா' என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அவ்வமைப்பு நுகர்வோர் இயக்கங்களில் குறிப்பிடத்தக்க வெற்றி கண்டது. இன்று பீப்பாய் ஏல் கிடைப்பதற்கு அதன் விடாப்பிடியே பெரும் காரணம்.

தட்டில் வந்தவை

உணவைப் பொறுத்தவரை பழைய ஏல் வீட்டின் வரலாறு சுருக்கமானது. ரொட்டி, பாலாடைக்கட்டி, சில நேரம் குளிர்ந்த பன்றியிறைச்சி. உழவுத் தொழிலாளர் தம் துணிமுடிப்பில் கொண்டுவந்த உணவை ஏலுடன் உண்பதும் உண்டு. சூடான சாப்பாடு சத்திரத்துக்குரியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பல சிற்றூர் பப்களில் ஊறுகாய் முட்டையும் 1920களில் பரவிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலமும் மட்டுமே கிடைத்தன.

'உழவர் மதிய உணவு' என்ற பெயரில் இன்று எங்கும் கிடைக்கும் தட்டில் தடித்த ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய், காய்கறிகளை இனிப்பும் புளிப்புமாகச் சமைத்த பிரான்ஸ்டன் ஊறுகாய் ஆகியவை இருக்கும். உழவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டது உண்மை. பெயரும் தட்டின் அமைப்பும் பிற்காலத்தவை. போர்க்காலப் பங்கீடு 1954இல் முடிந்தபின், பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க அத்துறை அமைப்புகள் இந்தத் தட்டை பப்களில் பரப்பின. 1960களில் பால் விற்பனை வாரியம் நாடெங்கும் விளம்பரம் செய்தது. பிரான்ஸ்டன் ஊறுகாயும் 1922இல் ஓர் ஆலையில் பிறந்ததே. விளம்பரக்காரர்கள் உருவாக்கிய பழமை என்று இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. அடுப்பும் சமையலாளும் இல்லாத சிறு விடுதி எளிதில் தரக்கூடிய நல்ல உணவு என்ற வகையில் அது பொருத்தமான கண்டுபிடிப்பே.

1967இல் மூச்சுச் சோதனைக் கருவி சாலைக்கு வந்தது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லி கிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றமாயிற்று. உயிர்களைக் காத்த சட்டம் அது. பேருந்து இல்லாத ஊர்களில் காரில் வருவோரை நம்பியிருந்த விடுதிகளுக்கு அதுவே வருமான இழப்பானது. குடிப்பது குறைந்தபோது உண்பதை நம்ப வேண்டியதாயிற்று. கூடையில் வைத்த பொரித்த கோழி, மாட்டிறைச்சியும் ஏலும் சேர்த்து வேகவைத்த பை, மீனும் வறுத்த கிழங்கும், ஞாயிறு தோறும் யார்க்‌ஷயர் புட்டிங்குடன் வாட்டிய இறைச்சி என்று பட்டியல் நீண்டது. இந்தியக் கறியும் இடம்பிடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வெளிறிய ஏல் பீப்பாய்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறின. 'இந்திய வெளிறிய ஏல்' என்ற வகைக்குப் பெயர் வந்தது அந்த வணிகத்தால். ஏல் இங்கு வந்தது, கறி அங்கு போனது.

1991இல் இலண்டன் கிளார்க்கன்வெல் பகுதியின் 'ஈகிள்' பப், உயர்தரச் சமையலைப் பப்புக்குள் கொண்டுவந்தது. அவ்வழக்கம் நாட்டுப்புறத்துக்கும் பரவியது. கெண்ட் கடற்கரையில் சீசால்ட்டர் ஊரின் 'ஸ்போர்ட்ஸ்மேன்' பப் 2008இல் மிச்சலின் விண்மீன் பெற்றது. இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. எல்லா மேசைகளிலும் முள்கரண்டியும் முன்பதிவு அட்டையும் வைத்துவிட்டால், சேற்றுக் காலணியுடன் நாயைக் கூட்டிக்கொண்டு அரை பைண்டுக்கு வரும் ஊர்க்காரர் எங்கே உட்காருவார்? பல ஊர்களில் விடுதி பிழைத்தது. ஊரார் வருவது நின்றது.

மறுமுனையில் பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் ஊரிலுள்ள 'பெல்' விடுதி நிற்கிறது. ஒரே குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் இங்கே பரிமாறும் மேடை கிடையாது. கண்ணாடிச் சட்டமிட்ட சிறு சாளரம் வழியாக ஏல் தருகிறார்கள். உணவு, உள்ளே பொருள் வைத்த சூடான ரொட்டி. கேம்ராவின் தேசிய விருதை 1990இலும் 2019இலும் இவ்விடுதி பெற்றது.

அறைகளும் பழக்கங்களும்

முன்னாளில் பப்பின் உட்புறமும் வகுப்பு வேறுபாட்டைக் காட்டியது. பொது அறையில் மரப் பெஞ்சும் தரையில் மரத்தூளும். அடுத்த அறையில் கம்பளமும் சற்றுக் கூடுதல் விலையும். பெண்களும் முதியவர்களும் ஒதுங்கி உட்காரச் சிறு அறை. 1960களுக்குப் பின் பெரும்பாலான இடங்களில் சுவர்கள் இடிக்கப்பட்டு எல்லாம் ஒன்றாயின.

சென்று கேட்டு வாங்க வேண்டும்; மேசையில் காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. நண்பர்கள் கூடினால் ஒவ்வொருவராக முறைவைத்து எல்லோருக்கும் வாங்குவர். தம் முறை வருமுன் நழுவுபவரை ஊர் மறக்காது. இறகம்பு எறிதல், டோமினோ, கிரிபேஜ் சீட்டாட்டம் ஆகியவை மாலைப் பொழுதுபோக்குகள். ஆக்ஸ்போர்டுஷயரில் மரப்பொம்மையைக் குச்சியால் அடித்து வீழ்த்தும் 'ஆன்ட் சாலி' என்ற ஆட்டத்துக்குப் போட்டித் தொடரே நடக்கிறது.

மூடும் மணியை அடிக்கும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்தது. முதல் உலகப் போரின்போது படைக்கலத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராதிருப்பதைத் தடுக்க 1915 முதல் பிற்பகலில் விடுதிகள் மூடப்பட்டன. போர் 1918இல் முடிந்தது. பிற்பகல் மூடல் இங்கிலாந்தில் 1988 வரை தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விடுதலை கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூடப்படும் கதவுகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆலைகள் விடுதிகளை விலைக்கு வாங்கிக் குத்தகைக்கு விட்டன. குத்தகைதாரர் அந்த ஆலையின் பியரை மட்டுமே வாங்க வேண்டும். 1980களில் ஆறு பெரிய ஆலைகளிடம் நாட்டின் பப்களில் பாதியளவு இருந்தது. இந்தப் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு ஆணையிட்டது. 2,000க்கு மேல் விடுதி வைத்திருந்த ஆலைகள் கட்டுப்படுத்தப்பட்டன. விற்கப்பட்டவற்றை வாங்கியவை பியரே காய்ச்சாத சொத்து நிறுவனங்கள். குத்தகைதாரரைப் பொறுத்தவரை எசமான் மாறினார், கட்டுப்பாடு மாறவில்லை. 2016இல்தான், பெரிய நிறுவனங்களின் குத்தகைதாரர்கள் சந்தை வாடகை மட்டும் செலுத்தி, பியரை விரும்பிய இடத்தில் வாங்கிக்கொள்ளும் வழி சட்டத்தில் வந்தது.

பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பியர், 2007இல் வந்த புகைத்தடை, ஏறிய எரிபொருள் செலவு என்று மூடலுக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சிற்றூரில் இன்னொரு காரணமும் உண்டு. அழகிய ஊரின் நடுவே தோட்டத்துடன் நிற்கும் கட்டடத்தை வீடாக விற்றால் பப்பைவிட மிகுந்த விலை கிடைக்கும். பெரிய பிரித்தானியாவில் 2000இல் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பப்களின் எண்ணிக்கை 2020களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்தது. பள்ளியும் அஞ்சலகமும் கடையும் முன்பே போய்விட்ட ஊரில் கடைசியாக எஞ்சிய பொது அறை பப்தான். அதுவும் போனால் மழை நாளில் இருவர் சந்திக்கக் கூரை இல்லை.

ஊரார் வாங்கிய விடுதிகள்

கம்பிரியா மாவட்டத்தின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட், மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். அங்குள்ள 'ஓல்டு கிரவுன்' பப்பின் பின்புறக் கொட்டகையில் 1988இல் சிறு ஏல் ஆலை ஒன்று தொடங்கியது. சுற்றியுள்ள மலைகளின் பெயர்களை அதன் ஏல்கள் தாங்கின. ஆலை விற்பனைக்கு வந்தபோது, 1999இல் ஊராரும் ஆர்வலரும் கூட்டுறவாக அதை வாங்கினர். 2003இல் பப்புக்கும் அந்நிலை வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் பங்குத்தொகை செலுத்தி அதையும் வாங்கினர். பிரித்தானியாவில் கூட்டுறவு உடைமையான முதல் பப் என்று இது குறிப்பிடப்படுகிறது. கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், நடத்துபவர் குத்தகைதாரர்.

2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் இவ்வழியை அகலப்படுத்தியது. ஒரு பப்பைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று ஊரார் பதிவு செய்திருந்தால், உரிமையாளர் அதை விற்க முனையும்போது அவர்களுக்குப் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இச்சட்டத்தின் குறை அதுவே. 2017இல் திட்ட அனுமதியின்றி பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ முடியாது என்றும் ஆயிற்று. இன்று பிரித்தானியாவில் ஊராருக்குச் சொந்தமான பப்கள் நூற்றுக்கு மேல் உள்ளன.

வட யார்க்‌ஷயரில் ரிச்மண்ட் நகருக்கு அருகிலுள்ள ஹட்ஸ்வெல் ஊரின் 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' 2008இல் மூடப்பட்டது. ஊரில் இருந்த ஒரே பப் அது. 2010இல் ஊரார் பங்கு திரட்டி வாங்கித் திறந்தனர். அதன் உள்ளேயே ஒரு சிறு கடையும் நூலகமும் அமைந்தன. பின்புற நிலம் ஊரார் காய்கறி பயிரிடச் சிறு பாத்திகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுக்கான கேம்ராவின் தேசிய விருது இவ்விடுதிக்குக் கிடைத்தது.